பொம்மை டேப் கழற்றுமுன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹட்டனில் எனக்குக் கடை கிடையாது. வீட்டு முன்னறையில் ஒரு மேசை, கழுத்து வளைகிற ஒரு விளக்கு, அவ்வளவுதான். ஆனாலும் நோர்வூட், மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கமிருந்து யாராவது ஒரு சீலைப் பையைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். பைக்குள் ஒரு கரடி இருக்கும், இல்லாவிட்டால் வாத்து, கார், டெலிபோன். எல்லாமே வயிற்றுக்குள் கேசட் போடுகிற சாதி. பெரியம்மாவோ சித்தியோ எண்பதுகளில் குவைத்துக்கோ சவூதிக்கோ வேலைக்குப் போய்த் திரும்பும்போது பெட்டியில் கொண்டுவந்தவை.

கொண்டு வருகிறவர்கள் கேட்பதும் ஏறக்குறைய ஒன்றுதான். சொல்லிச் சொல்லி வாய் வலித்ததால் எழுதி வைத்துவிட்டேன்.

அண்ணே, சாதாரண டேப் ரெக்கார்டருக்கும் இந்தப் பொம்மை டேப்புக்கும் உள்ளே என்ன வித்தியாசம்?

பெரும்பாலானவற்றில் வித்தியாசமே இல்லை. ஒரு சின்ன மோட்டார், ஒன்றிரண்டு ரப்பர் பெல்ட், டேப்பை ஒரே வேகத்தில் இழுக்கிற மெல்லிய உருக்குத் தண்டு, டேப்பை அந்தத் தண்டோடு அழுத்திப் பிடிக்கிற ரப்பர் உருளை, டேப்பில் பதிந்த சத்தத்தைப் படிக்கிற ஹெட், ஒரு சர்க்கியூட் போர்டு, ஸ்பீக்கர். பிலிப்ஸ் 1963இல் கேசட்டைக் கொண்டுவந்தபோது வைத்த அளவுதான் பொம்மைக்கும்: டேப்பின் அகலம் 3.81 மி.மீ., ஓடும் வேகம் செக்கனுக்கு 4.76 செ.மீ. அதனால்தான் உங்கள் வாத்துக்குள் இருக்கும் கேசட்டை எந்த டேப் ரெக்கார்டரிலும் போட முடிகிறது.

விதிவிலக்கு, வாயையும் கண்ணையும் அசைத்துக் கதை சொல்கிற கரடி. அதைத் தனியாகக் கீழே சொல்கிறேன்.

கழற்ற என்னென்ன சாமான் வேணும்?

நல்ல ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர் இரண்டு (ஒன்று சின்னது), சாவணம், காது குடையும் பஞ்சுக்குச்சி, பாமசியில் விற்கும் ஸ்பிரிட், பழைய பல் துலக்கும் பிரஷ், ஆறு மூலைப் பென்சில் ஒன்று. ஸ்க்ரூக்களைப் போட்டு வைக்க முட்டை அட்டை. முதல் குழியில் முதலில் கழற்றியது, அடுத்த குழியில் அடுத்தது. போனில் படம் எடுத்தபடியே போங்கள்.

ஜப்பான் சாமானாக இருந்தால் ஒரு சங்கதி உண்டு. அந்த ஸ்க்ரூவின் தலை பார்க்க ஸ்டார் மாதிரியே இருந்தாலும் வெட்டு கொஞ்சம் வேறு. நம் கடைகளில் கிடைக்கும் டிரைவர் அதில் முழுசாக இறங்காமல் வழுக்கித் தலையைத் தின்றுவிடும். முனை மழுங்கிய டிரைவரைத் தூரப் போட்டுவிட்டு, நன்றாக அழுத்திப் பிடித்து மெல்லத் திருப்புங்கள். திருப்புகிற பலத்தைவிட அழுத்துகிற பலம் கூட இருக்கவேண்டும்.

முதல்ல பேட்டரி போட்டு ஓடுதான்னு பார்த்துட்டு அப்புறம் கழற்றலாம்தானே?

வேண்டாம். என்னிடம் வந்த பொம்மைகளில் பாதிக்கு மேல் செத்தது முப்பது நாற்பது வருடத்துப் பழுதால் அல்ல, "ஒருக்கா அமத்திப் பார்ப்போம்" என்று கேசட்டோடு பிளேயை அமத்திய அந்த ஒரு நிமிடத்தால். பெல்ட் உருகிக் கிடக்கும், டேப்பைச் சுருட்டி எடுக்கவேண்டிய பக்கம் சுற்றாது. ஆனால் தண்டு மட்டும் சுற்றி டேப்பை வெளியே இழுத்துத் தள்ளும். தள்ளிய டேப் உருளையைச் சுற்றி நூல்கண்டு மாதிரி இறுகிவிடும். அந்தக் கேசட்டில்தான் உங்கள் அம்மாச்சியின் குரல் இருக்கும்.

முதல் வேலை கேசட்டை வெளியே எடுப்பது. மூடி திறக்காவிட்டால் நெம்ப வேண்டாம். பின்பக்கத்தைக் கழற்றி உள்ளிருந்து திறக்கலாம். கேசட்டைப் பத்திரமாக வைத்த பிறகு பொம்மையை என்ன செய்தாலும் எனக்குக் கவலையில்லை.

எல்லா ஸ்க்ரூவையும் கழற்றிட்டேன், இன்னும் திறக்க மாட்டேங்குது. நெம்பலாமா?

எல்லாவற்றையும் கழற்றவில்லை என்று அர்த்தம். பேட்டரி போடும் குழிக்குள் பாருங்கள், அங்கே ஒன்றாவது இருக்கும். அடியில் ஒட்டியிருக்கும் ரப்பர்க் கால்களுக்குள்ளும் பாருங்கள். ஸ்டிக்கர்மேல் விரலை வைத்துத் தடவினால் பள்ளம் தட்டுப்படும் இடத்தில் ஒன்று ஒளிந்திருக்கும். சத்தம் கூட்டிக் குறைக்கும் குமிழை நேராக இழுத்தால் கழன்று வரும். சிலவற்றில் அது கழன்றால்தான் மூடி வரும்.

துணி போர்த்த கரடியென்றால் முதுகுத் தையலைத் தேடுங்கள். கத்தரியால் வெட்டாமல் பிளேட் முனையால் ஒரு இழையை அறுத்து உருவினால், பிறகு அதே துளைகளில் தைத்துவிடலாம். மூடியைத் திறக்கும்போது ஒரேயடியாகத் தூக்காதீர்கள். ஸ்பீக்கர் ஒரு பாதியிலும் போர்டு மறுபாதியிலும் இருக்கும், நடுவில் மயிரிழை வயர்கள்.

உள்ள கறுப்பா தார் மாதிரி ஒட்டிக்கிட்டு இருக்கே, எண்ணெய் லீக்கா?

எண்ணெய் இல்லை, அதுதான் பெல்ட். இருந்த பெல்ட். அந்தக் காலத்துப் பெல்ட்டுகளில் சில வகை, பாவித்தாலும் பாவிக்காவிட்டாலும் வருடக்கணக்கில் இளகி, கடைசியில் கையில் ஒட்டும் கூழாகிவிடும். நம் பக்கத்து ஈரம் அதற்கு இன்னும் உதவி செய்கிறது. கூழைத் தொட்ட விரலால் சட்டையைத் தொடாதீர்கள், போகாது. அனுபவம்.

முதலில் சாவணத்தால் கிள்ளி எடுக்க முடிந்ததை எடுங்கள். மிச்சத்தைப் பஞ்சுக்குச்சியில் ஸ்பிரிட் தொட்டுத் துடையுங்கள். கப்பியின் பள்ளத்துக்குள் கொஞ்சம் தங்கிவிட்டாலும் புதுப் பெல்ட் குதித்துக் குதித்து ஓடும், பாட்டு அலைபாயும். ஒரு கப்பிக்குப் பத்துக் குச்சி போனாலும் பரவாயில்லை, குச்சி வெள்ளையாகவே திரும்பி வரும்வரை விடாதீர்கள். மேசையில் பழைய பத்திரிகை விரித்துக்கொள்ளுங்கள். எனக்கு ஒரு கரடிக்கு ஒரு பின்னேரம் முழுக்க இதற்கே போயிருக்கிறது, இரண்டு பிளேன்டீயும் ஆறிப்போனது.

புதுப் பெல்ட்டுக்கு எங்க போறது? ரப்பர் பேண்ட் போட்டா ஓடாதா?

ஓடும். எல்லாரும் தண்ணியில் நின்று பேசுகிற மாதிரிக் கேட்கும். கடதாசி கட்டுகிற ரப்பர் பேண்ட் ஒரு இடத்தில் தடிப்பு, ஒரு இடத்தில் மெல்லிசு. வேகம் ஏறி இறங்கும். கேசட்டைச் சுருட்டும் பக்கம் மட்டும் சுற்றுகிறதா என்று சோதிக்க ஐந்து நிமிடம் போடலாம், அதற்கு மேல் வேண்டாம்.

அளவு எடுப்பது லேசு. பெல்ட் ஓடும் வழியே கப்பிகளைச் சுற்றி ஒரு தையல் நூலை இறுக்காமல் சுற்றி, நூலை வெட்டி அடிமட்டத்தில் அளங்கள். 200 மி.மீ. வந்தால், சுற்றளவு 186 முதல் 190 வரை உள்ள பெல்ட் பொருந்தும். பள்ளத்தைப் பார்த்துச் சதுரமா தட்டையா என்று குறித்துக்கொள்ளுங்கள். கொழும்பில் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் எலக்ட்ரோனிக்ஸ் கடைகள் வரிசையாக உண்டு. பழைய கடைகளில் கேட்டுப் பாருங்கள். பல அளவுகள் கலந்த பெல்ட் பாக்கெட்டை ஒன்லைனிலும் வாங்கலாம்.

பெல்ட் ரொம்ப இறுக்கமாக இருந்தாலும் கேடுதான். மோட்டார் திணறும், அதன் தண்டைத் தாங்கிச் சுற்றவிடும் புஷ் தேயும்.

பேட்டரிக் குழிக்குள்ள பச்சையும் வெள்ளையுமா பூத்திருக்கு. உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவா?

முதலில் எந்தப் பேட்டரி கசிந்தது என்று பாருங்கள். அல்கலைன் என்றால் கசிவது காரம். பஞ்சுக்குச்சியில் வினாகிரி அல்லது தேசிக்காய்ச் சாறு தொட்டு வைத்தால் மெல்லப் பொங்கி அடங்கும். பழைய சாதாரணப் பேட்டரி கசிவது அமிலப் பக்கம். அதற்கு அப்பச்சோடாவைத் தண்ணீரில் குழைத்துப் பூசவேண்டும். எது என்று பிடிபடாவிட்டால் ஒரு துளி வினாகிரியை ஓரத்தில் விட்டுப் பாருங்கள், பொங்கினால் காரம்தான்.

பிறகு தண்ணீர் தொட்ட குச்சி, அதன்பின் ஸ்பிரிட் தொட்ட குச்சி, அப்புறம் நன்றாகக் காயவிடுங்கள். தகட்டில் ஒட்டிக் காய்ந்துபோன மிச்சத்துக்குத்தான் உப்புத்தாள், அதுவும் இரண்டு இழுப்பு. தகட்டிலிருந்து போகும் வயரை மெல்ல இழுத்துப் பாருங்கள். கசிவு வயருக்குள் ஏறிக் கறுத்திருந்தால், வெளியே நன்றாகத் தெரிந்தாலும் கரண்ட் போகாது.

பாட்டு ஓடுது, ஆனா போர்வைக்குள்ள இருந்து பாடுற மாதிரி அடைச்சிருக்கு.

ஹெட்டைத் துடையுங்கள். கேசட் மூடியைத் திறந்தால் நடுவில் பளபளவென்று இருக்கும் சின்ன உலோக முகம்தான் ஹெட். அதன்மேல் பழுப்பாகப் படிந்திருப்பது டேப்பிலிருந்து உதிர்ந்த தூள். ஸ்பிரிட்டும் பஞ்சுக்குச்சியும் போதும். ரப்பர் உருளைக்கு ஸ்பிரிட் நிறையப் போடாதீர்கள், ரப்பர் வறண்டு வெடிக்கும். ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

துடைத்தும் அடைத்தே இருந்தால், பொம்மையைச் சந்தேகிக்குமுன் கேசட்டைப் பாருங்கள். கேசட் வாயின் நடுவில், ஹெட்டுக்கு எதிரே, மெல்லிய தகட்டில் ஒட்டிய சின்னப் பஞ்சுத்துண்டு ஒன்று இருக்கும். டேப்பை ஹெட்டோடு ஒட்ட வைப்பது அதுதான். பசை காய்ந்து அது விழுந்துபோன கேசட்டுகளை நிறையப் பார்க்கிறேன். இன்னொரு மலிவுக் கேசட்டிலிருந்து அந்தத் தகட்டை எடுத்து மாற்றிவிடலாம்.

கடைசியாகத்தான் ஹெட்டின் பக்கத்தில் ஸ்பிரிங்கோடு இருக்கும் சின்ன ஸ்க்ரூ. அது ஹெட்டின் சாய்வைத் திருத்துவது. பாட்டு ஓடும்போதே மயிரளவு திருப்பினால் குரல் தெளிகிற ஒரு இடம் வரும். திருப்புமுன் இருந்த இடத்தை மையால் குறித்துக்கொள்ளுங்கள்.

குரல் சின்னப்பிள்ளை மாதிரிக் கீச்சிடுது. சில நேரம் பேய் மாதிரி இழுக்குது. ரெண்டும் ஒரே வருத்தமா?

இல்லை. இழுப்பதும் விட்டுவிட்டு அலைவதும் பெல்ட், கப்பி, உருளை, இல்லாவிட்டால் பேட்டரி இறங்கியது. மேலே சொன்னதையெல்லாம் முடித்துவிட்டு வாருங்கள். ஒரே சீராகக் கீச்சிட்டால் மோட்டாரின் வேகம். பல மோட்டார்களின் பின்முகத்தில் ஒரு சின்னத் துளை உண்டு, அதற்குள் திருப்புகிற ஒரு புள்ளி. சிலவற்றில் அது போர்டில் இருக்கும்.

காதால் திருத்தப் போனால் ஏமாந்துவிடுவீர்கள். நான் செய்வது இது: சரியான வேகமென்று தெரிந்த ஒரு டேப் ரெக்கார்டரில் ஒரு தட்டல் சத்தம், சரியாகப் பத்து நிமிடம் கழித்து இன்னொரு தட்டல் பதிகிறேன். அதைப் பொம்மையில் போட்டுப் போனில் நேரம் பார்க்கிறேன். 600 செக்கன் வரவேண்டியது 570இல் முடிந்தால் ஐந்து வீதம் வேகம் கூட. 594க்கும் 606க்கும் இடையில் வந்தால் கையை எடுத்துவிடுவேன், அதற்கு மேல் சாதாரணக் காதுக்குத் தெரியாது.

கரடி கதை சொல்லுது, ஆனா வாய் அசையல. அந்தக் கேசட்டை ரேடியோவில போட்டா ஒரு பக்கம் கதை, மறுபக்கம் கிர்ருனு சத்தம். கேசட் கெட்டுப்போச்சா?

கேசட் கெடவில்லை, கரடியின் புத்தி அங்கேதான் இருக்கிறது. இந்தச் சாதியில் பேர்போனது 1985இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த டெடி ரக்ஸ்பின். ஸ்டீரியோ கேசட்டில் இடம், வலம் என்று இரண்டு தடம் உண்டல்லவா? அதில் ஒன்றில் கதை, மற்றதில் கட்டளை. கதைத் தடம் மட்டும் ஸ்பீக்கருக்குப் போகும். கட்டளைத் தடத்தின் துடிப்புகள் கண்ணையும் மேல்தாடையையும் கீழ்த்தாடையையும் அசைக்கிற மோட்டார்களுக்குப் போகும். நீங்கள் கேட்ட கிர்ர் சத்தம் அந்தக் கட்டளைதான்.

ஆகவே உங்கள் ரேடியோவில் கிர்ர் விடாமல் சீராகக் கேட்டால் டேப் நல்லது, பழுது கரடிக்குள். விட்டுவிட்டுக் கேட்டால் டேப்தான் தேய்ந்திருக்கிறது. டேப் நல்லது என்றால் ஹெட்டைத்தான் முதலில் துடைப்பேன். ஒரு தடத்தின்மேல் மட்டும் அழுக்குப் படிந்தாலே கதை கேட்கும், வாய் அசையாது. அதற்குப் பிறகு தலைக்குப் போகும் வயர், அதற்கும் பிறகு பற்சக்கரம். ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: விரலைவிட்டு வாயைத் திறந்து மூடிப் பார்க்காதீர்கள். உள்ளே இருப்பது பிளாஸ்டிக் பல். பிள்ளைகள் கரடிக்கு மாரி பிஸ்கட் ஊட்டியதில் பல் உடைந்து வந்தவை என் அலமாரியில் இரண்டு இருக்கின்றன.

அப்போ அதுல கோயில் பாட்டுக் கேசட் போட்டா கரடி பாடுமா?

கட்டளைத் தடம் உள்ள கரடி பாட்டுக்கேற்ப வாயசைக்காது, கட்டளை இருந்தால்தானே? விலை குறைந்த போலிகள் வேறு மாதிரி. சத்தம் ஏறும்போது மோட்டாருக்குக் கரண்ட் போகும், இறங்கும்போது நிற்கும். அவற்றில் எதைப் போட்டாலும் வாய் அசையும். தவில் கச்சேரி போட்டுப் பாருங்கள், வீடே சிரிக்கும்.

கரண்ட் வயரும் இருக்கு. பிளக்கை மட்டும் மாத்திட்டு சுவர்ல குத்தலாமா?

பின்பக்க எழுத்தைப் படிக்காமல் குத்தவே வேண்டாம். நம் நாட்டில் 230 வோல்ட். ஜப்பானுக்குள் விற்றது 100 வோல்ட், அமெரிக்காவுக்குள் விற்றது 120. சவூதியில் அப்போது 127 வோல்ட் பரவலாக இருந்ததால், அங்கிருந்து வந்த பெட்டிகளில் 110, 127 என்று எழுதியவை கிடக்கும். அந்த வோல்ட்டுக்கும் நம் வோல்ட்டுக்கும் ஏற்ற சாமானில் மாற்றுகிற ஒரு சுவிட்ச் இருக்கும். அது எந்தப் பக்கம் நிற்கிறது என்று பாருங்கள். அப்படி எதுவுமில்லாத 110 வோல்ட் சாமானை நம் சுவரில் குத்தினால் உள்ளே உள்ள டிரான்ஸ்போமர் எரிந்து நாற்றம் வரும்.

அடப்டர் போடும் துளை மட்டும் இருந்தால் வோல்ட்டோடு துருவத்தையும் பாருங்கள். அந்தக் காலத்து ஜப்பான் சாமான் பலவற்றில் நடு ஊசி மைனஸ். இப்போது கடையில் விற்கும் அடப்டர்களில் பெரும்பாலும் நடு ஊசி பிளஸ். துளைக்குப் பக்கத்தில் வட்டமும் கோடுமாக ஒரு சின்னப் படம் இருக்கும், அதுதான் சாட்சி. வீட்டுக் கரண்டில் ஓடும் பொம்மையைப் பழக்கமில்லாதவர் திறக்கவேண்டாம். பேட்டரியில் ஓடுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கேசட்டுக்குள்ள டேப்பு மேல வெள்ளையா பூஞ்சணம். துடைச்சா போகுமா?

நம் ஊர்க் கேள்வி இது. மே மாதம் தொடங்கினால் மழையும் மிஸ்ட்டும் மாதக்கணக்கில் விடாது. லயத்துக் காம்பராவில் சுவரே வியர்க்கும்போது கேசட் எம்மாத்திரம்? ஜன்னல் போன்ற கண்ணாடி வழியே பார்த்தால் சுருளின் ஓரத்தில் வெள்ளைப் பொடி தெரியும். அதை அப்படியே ஓட்டினால் பூஞ்சணத்தால் ஒட்டிய சுற்றுகள் பிரியும்போது டேப் கிழியும், பொடி ஹெட்டுக்கும் அடுத்த கேசட்டுக்கும் தொற்றும்.

முதலில் காயவைக்கவேண்டும். அடுப்பங்கரையில் வைக்காதீர்கள். ஒருவர் அப்படி வைத்துக் கேசட்டின் முதுகு அப்பளமாக வளைந்து வந்தது. வெயிலும் கூடாது. காற்றுப் புகாத பிஸ்கட் டின்னில் சப்பாத்துப் பெட்டிகளில் வருகிற சிலிக்கா பொட்டலங்களோடு இரண்டு வாரம் வையுங்கள். பிறகு வீட்டுக்கு வெளியே, முகக்கவசம் போட்டுக்கொண்டு, ஐந்து ஸ்க்ரூவைக் கழற்றி, காய்ந்த மெல்லிய பிரஷால் சுருளின் இரு பக்கத்தையும் தட்டி எடுங்கள். தண்ணீரும் ஸ்பிரிட்டும் டேப்பில் படக்கூடாது. இரண்டு சுருளையும் புதிய கேசட் கூட்டுக்குள் மாற்றி, பென்சிலைச் செருகிக் கையால் ஒருமுறை முழுக்கச் சுற்றுங்கள். எங்காவது இறுகினால் நில்லுங்கள்.

போன வருடம் இப்படி ஒன்று திறந்தேன். ஸ்ரீமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் குடும்பத்தில் பாதிப்பேர் இந்தியாவுக்குக் கப்பலேறி, நீலகிரிப் பக்கம் குடியேறிவிட்டார்கள். கடிதம் எழுதத் தெரியாத கிழவி இங்கிருந்து பேசிப் பதிந்து, அனுப்பாமலே விட்ட கேசட். முதல் ஒரு நிமிடம் தகரத்தில் மழை விழும் சத்தம் மட்டும். அப்புறம், "இது ஓடுதாடா?" என்று ஒரு குரல். கொண்டுவந்த பையன் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

திரும்பப் பூட்டிட்டேன், நல்லா ஓடுது. ஆனா ஓடினப்புறம் கேசட்டில சத்தமே இல்ல. எப்படி அழிஞ்சது?

இது எல்லாவற்றிலும் மோசமான கேள்வி. பதிவு செய்யவும் முடிகிற மலிவுப் பொம்மைகளில் அழிக்கிற ஹெட் என்பது வெறும் காந்தத்துண்டு. ரெக்கோட் பட்டனை அமத்தினால் மட்டும் ஒரு நெம்புகோல் அதை டேப்பில் கொண்டுவந்து தொடவைக்கும். பூட்டும்போது அந்த நெம்புகோலின் ஸ்பிரிங்கைத் தப்பான பக்கம் மாட்டினால் பிளேயிலும் காந்தம் டேப்பைத் தொடும், ஓட ஓட அழித்துக்கொண்டே போகும். கேசட்டின் முதுகில் உள்ள சின்னப் பிளாஸ்டிக் துண்டை உடைத்துவைத்தால் ரெக்கோட் பட்டன் அமராது. ஆனால் இந்தத் தப்பிலிருந்து அது காப்பாற்றாது.

ஆகவே பூட்டியவுடன் முதலில் போடவேண்டியது, போனாலும் பரவாயில்லை என்கிற ஒரு பாட்டுக் கேசட். ஐந்து நிமிடம் ஓட்டி, திரும்பச் சுற்றி, மறுபடி கேளுங்கள். பாட்டு அப்படியே இருந்தால்தான் வீட்டுக் கேசட். இன்னும் நல்லது, குரல் உள்ள கேசட்டைப் பொம்மையில் போடாமலே, நல்ல ரேடியோவில் ஓட்டி வயர் வழியாகக் கம்பியூட்டருக்கு ஒரு பிரதி எடுத்துவிட்டு, பொம்மைக்கு வேறு கேசட் கொடுப்பது.

எல்லாம் சரி, பூட்டின பிறகு ரெண்டு ஸ்க்ரூ மிச்சமிருக்கு. பரவாயில்லையா?

நீளமானதாக இருந்தால் பேட்டரிக் குழிக்குள் உள்ளதாக இருக்கும், மேலே சொன்ன இடங்களை ஒருமுறை தடவிப் பாருங்கள். குட்டையாகக் கறுப்பாக இருந்தால் போர்டைப் பிடித்திருந்தது. போர்டு ஆடினால் இரண்டு மாதத்தில் ஏதோ ஒரு வயர் அறும், திறந்து அதைத் திரும்பப் பூட்டிவிடுங்கள். மிச்சமானது ஸ்பிரிங் என்றால் முந்தின கேள்வியை இன்னொருமுறை படித்துவிட்டு, கேசட்டைக் கையில் வைத்துக்கொண்டே மூடியைக் கழற்றுங்கள்.